பங்குக் கிணற்றை எத்தனை தரம் எண்ணுவது?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று அளந்து, கணக்குப் பார்த்து, முடிவை அந்த ஊர்ச் சனத்துக்கே திருப்பிச் சொல்கிற வேலையைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை செய்தால் ஒன்று விளங்கும். சூத்திரம் பிழைத்து ஆய்வு கெடுவது குறைவு. எதை எண்ணுகிறோம் என்று தீர்மானிக்கும் முதல் கிழமையிலும், எண்ணியதை எந்தச் சொல்லால் சொல்கிறோம் என்ற கடைசிக் கிழமையிலும்தான் கூடக் கெடுகிறது. இடையில் கணினி செய்கிற பகுதி பத்து நிமிட வேலை.

பெரிய ஆறு இல்லாத குடாநாடு இது. சுண்ணக்கல்லுக்குள் நிற்கிற தண்ணீரைத்தான் வீடும் தோட்டமும் இறைக்கின்றன. செம்மண் தோட்டத்தில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போடுகிற உரமும், நெருக்கமான வளவுகளின் மலசலகூடக் குழிகளின் கழிவும் நைத்திரேற்றாக அதே தண்ணீரில்தான் போய்ச் சேர்கின்றன. குடிநீரில் நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம்.

முதல் சிக்கல் கேள்வியிலேயே இருக்கிறது. “எத்தனை கிணறு 50ஐத் தாண்டியிருக்கிறது?” என்பது ஒரு கேள்வி. “எத்தனை வீட்டார் 50ஐத் தாண்டிய தண்ணீர் குடிக்கிறார்கள்?” என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் ஒரே விடைதான் என்று நினைத்தே பெரும்பாலானவர்கள் இறங்குகிறார்கள். யாழ்ப்பாணத்தில் அது சரிவராது, ஏனென்றால் இங்கே பல வீட்டார் சேர்ந்து பாவிக்கிற பங்குக் கிணறு இருக்கிறது. ஜி.எஸ்.ஸிடம் (கிராம சேவகரிடம்) இருக்கும் பட்டியல் குடும்பப் பட்டியல், கிணற்றுப் பட்டியல் அல்ல. அதிலிருந்து எழுமாறாக, அதாவது குலுக்கல் முறையில், வீடுகளைத் தெரிந்து, அந்தந்த வீட்டுக் கிணற்றில் தண்ணீர் எடுத்தால், நாலு வீட்டுக்குப் பங்குள்ள கிணறு அகப்பட, தனிக் கிணற்றைவிட ஏறத்தாழ நாலு மடங்கு வாய்ப்பு இருக்கும். கிணறுகளைப் பற்றித்தான் பேசப்போகிறீர்கள் என்றால் அந்தக் கிணற்றுக்குக் கால் பங்கு நிறைதான் கொடுக்கவேண்டும், அதாவது கணக்கில் அதைக் கால் கிணறாக எண்ணவேண்டும். குடிக்கிற வீட்டாரைப் பற்றி என்றால் நிறை தேவையில்லை, அப்படியே எண்ணலாம். இதற்காக வினாக்கொத்தில் “இந்தக் கிணறு எத்தனை வீட்டுக்குப் பங்கு?” என்று ஒரே ஒரு வரி சேர்க்கவேண்டும். அந்த வரியை மறந்துவிட்டு, தரவெல்லாம் எடுத்து முடிந்தபிறகு படலை படலையாகத் திரும்பத் தட்டியவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது, மாதிரிக்கு எத்தனை எடுப்பது என்பதற்கு எல்லாரும் சொல்லும் 384. பல்கலைக்கழக ஆய்வறிக்கைகளில் இந்த எண்ணைக் காணாமல் இருக்க முடியாது. 1.96ஐ வர்க்கித்து, 0.25ஆல் பெருக்கி, 0.05இன் வர்க்கத்தால் வகுத்தால் 384 வரும். ஒரு விகிதத்தை 95 சதவீத உறுதியோடு இரு பக்கமும் 5 சதவீதப் புள்ளிக்குள் மதிப்பிட, எளிய எழுமாற்று மாதிரிக்கு உரிய கணக்கு அது. இரண்டு பகுதிகளின் இடைகளை (சராசரிகளை) ஒப்பிடப்போகிறவருக்கு அந்த எண் எந்த உறுதியும் தராது. கிராம சேவகர் பிரிவு பிரிவாகப் போய் ஒவ்வொன்றிலும் பத்துக் கிணறு எடுக்கிறவருக்கும் அது போதாது. ஒரே ஒழுங்கையில் உள்ள கிணறுகள் ஒரே நீரைத்தான் காட்டுகின்றன. ஒரு பிரிவுக்குள் கிணறுகளின் ஒற்றுமை (முழுதும் ஒன்றுபோல இருந்தால் 1) 0.1 என்று வைத்துக்கொண்டால், 1 + (10 − 1) × 0.1 = 1.9 மடங்கு கிணறு தேவை. அதாவது 384 கிணறு எடுத்தாலும் கையில் இருப்பது ஏறத்தாழ 202 கிணற்றுக்குரிய தகவல். ஒரு பிரிவில் பத்து எடுப்பதைக் குறைத்து, கூடுதல் பிரிவுகளுக்குப் போவது நல்லது. மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் கூடச் செலவாகும், அவ்வளவுதான்.

களத்தில் பூட்டிய வீடு வரும். சிலது வெளிநாட்டில் இருக்கிறவர்களின் வளவுகள், சிலது பகலில் வேலைக்குப் போனவர்களின் வீடுகள். உடனே பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவதுதான் வழக்கம். அப்படிப் போனால், வேலைக்குப் போகாமல் பகலில் ஆள் இருக்கும் வீடுகளாக மாதிரி நிறைந்துவிடும். வேறு நேரத்தில் இன்னும் இரண்டு தரம் போய்ப் பார்த்து, அதற்குப் பிறகும் ஆள் இல்லையென்றால் “கிடைக்கவில்லை” என்று பதிந்துவிட்டு, அந்த எண்ணிக்கையை அறிக்கையில் சொல்லிவிடலாம். இறைக்காமல் கிடக்கும் கிணற்றைப் பாவனையில் உள்ளதோடு கலக்கவும் கூடாது.

போத்தலை ஐஸ் பெட்டியில் வைத்து, எடுத்ததிலிருந்து 48 மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்தில் பரிசோதித்து முடிக்கவேண்டும். பத்துக்கு ஒரு கிணற்றில் இரண்டு போத்தல் எடுத்து, வேறு வேறு இலக்கம் இட்டு அனுப்பினால், ஆய்வுகூட அளவீடு எவ்வளவு ஆடுகிறது என்று தெரிந்துவிடும். பெறுபேறு வந்ததும் முதலில் பார்க்கவேண்டியது அலகு. சில ஆய்வுகூடங்கள் நைத்திரேற்றாகவே தரும், சிலது நைத்திரேற்றில் உள்ள நைதரசனாகத் தரும். முன்னதைப் பெற, பின்னதை 4.43ஆல் பெருக்கவேண்டும். நைதரசனாக 12 என்று வந்த கிணறு உண்மையில் 53, எல்லையைத் தாண்டியது. அதை 50 உடன் ஒப்பிட்டு “நல்ல தண்ணீர்” என்று எழுதினால், பிறகு எந்தச் சோதனை செய்தும் பிழையைக் கண்டுபிடிக்க முடியாது.

எக்செல்லில் பதியும்போது இரண்டு பொறி. கருவி அளக்கக்கூடியதற்கும் கீழே போன கிணற்றை ஆய்வுகூடம் “<0.5” என்று எழுதித் தரும். அதை அப்படியே தட்டினால் எக்செல் அதை எழுத்தாகக் கொள்ளும். இடை காணும் சூத்திரம் அந்தக் கட்டங்களை ஒரு எச்சரிக்கையும் இல்லாமல் தாண்டிப் போகும். அதிசுத்தமான கிணறுகளெல்லாம் கழன்றுவிட, ஊரின் இடை ஏறிவிடும். அளவை ஒரு நிரலிலும், “எல்லைக்குக் கீழ்” என்பதை இன்னொரு நிரலிலும் வைத்தால் இது வராது. மற்றது கிணற்று இலக்கம். 3-12 என்று தட்டினால் அது திகதியாக மாறிவிடும். முன்னால் ஒரு எழுத்துப் போட்டுவிட்டால் தப்பலாம்.

மாரியும் கோடையும் ஒரு தனித் தலையிடி. மழை தண்ணீரை ஐதாக்கும். தோட்டத்து உரத்தைக் கீழே கழுவி இறக்குவதும் அதே மழைதான். எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டியே சொல்லிவிட முடியாது. ஆகையால் உடுவிலில் ஒக்டோபரிலும் கோப்பாயில் ஜனவரியிலும் எடுத்துவிட்டு இரண்டையும் ஒப்பிட்டால், தெரிவது இடத்தின் வேறுபாடா காலத்தின் வேறுபாடா என்று எவராலும் பிரிக்க முடியாது. ஒவ்வொரு கிழமையும் இரண்டு பகுதியிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுக்கவேண்டும். அதே கிணறுகளை மாரிக்கு முன்னும் பின்னும் பார்க்கிறவர், அவற்றைச் சோடியாகவே கணக்கில் கொள்ளவேண்டும். இரண்டு தனிக் கூட்டமாக எண்ணி, இடைகளை ஒப்பிடும் டி சோதனை போட்டால், கிணற்றுக்குக் கிணறு உள்ள பெரிய வேறுபாட்டுக்குள் மழையின் விளைவு மறைந்துபோகும்.

பகுப்பாய்வில் ஒன்றை மட்டும் சொல்கிறோம், மற்றவை பாடநூல்களில் உண்டு. ஏழு கிணறு: 4, 6, 7, 9, 12, 18, 140. இடை 28, இடையம் (வரிசையில் நடுவில் நிற்பது) 9. ஏழில் ஆறு கிணறு இடைக்குக் கீழே. நைத்திரேற்றுத் தரவு பெரும்பாலும் இப்படி ஒரு பக்கம் வால் நீண்டுதான் வரும். 140ஐ “பிழையான தரவு” என்று வெட்டுகிறவர்கள் உண்டு. மாட்டுக்கொட்டில் பக்கத்தில் இருக்கிறதா என்று ஒருதரம் போய்ப் பார்த்துவிட்டு வெட்டுங்கள். பிறகு, மாவட்டத்தின் 15 பிரதேச செயலர் பிரிவுகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட ஆசை வரும். அது 105 ஒப்பீடு. ஒரு பிரிவுக்கும் இன்னொன்றுக்கும் உண்மையில் வேறுபாடே இல்லாவிட்டாலும், இருபதில் ஒன்று தற்செயலாகத் தவறும் 0.05 மட்டத்தில் ஐந்தாறு “வேறுபாடு” வந்து விழும். எதை ஒப்பிடப்போகிறோம் என்று போத்தல் கழுவுவதற்கு முன்னரே எழுதி வைப்பதுதான் வழி.

இனிச் சொல்லும் வேலை. தமிழில் இங்கே ஒரு தனிக் கரைச்சல் இருக்கிறது, ஏனென்றால் எங்கள் கலைச்சொற்கள் பேச்சுச் சொற்களாகவும் இருக்கின்றன. “குறிப்பிடத்தக்க வேறுபாடு” என்றால் பிரதேச சபை உறுப்பினருக்குப் பெரிய வேறுபாடு. நாங்கள் சொன்னது, தற்செயலாக இவ்வளவு வருவது அரிது என்பது மட்டுமே. லீற்றருக்கு 2 மில்லிகிராம் வேறுபாடும் மாதிரி பெரிதானால் “குறிப்பிடத்தக்கது” ஆகிவிடும். “நம்பிக்கை ஆயிடை” (உண்மை அளவு இருக்கக்கூடிய வீச்சு) என்றால் நம்பலாம் என்று காதில் விழுகிறது. “நியம வழு” (மதிப்பீடு மாதிரிக்கு மாதிரி ஆடும் அளவு) என்றால், பிழை விட்டிருக்கிறார்கள். “எழுமாறு” என்றால், கண்டபடி. “தொடர்பு உண்டு” என்றால், இதனால்தான் அது. “வேறுபாடு இல்லை” என்பது எல்லாவற்றிலும் மோசம். பி பெறுமானம் (வேறுபாடே இல்லாவிட்டாலும் இவ்வளவாவது தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.12 என்று வந்தால் “எடுத்த அளவு கிணறுகளால் வேறுபாட்டை உறுதிசெய்ய முடியவில்லை” என்று எழுதவேண்டும். நீளம்தான், ஆனால் உண்மை.

சொல்லை மாற்றுவதைவிட எண்ணை முன்னுக்கு வைப்பது கூடப் பலன் தருகிறது. நூறு கிணற்றில் 30 தாண்டியிருந்தால் “30 சதவீதம்” என்று நிறுத்தாமல், “ஊர் முழுக்கப் பார்த்தால் நூற்றுக்கு 18இலிருந்து 42 வரை இருக்கலாம்” என்று சொல்லலாம். அந்த 18-42 மேலே சொன்ன 1.9ஐயும் சேர்த்துக் கணித்தது. அதைச் சேர்க்காமல் கணித்தால் 21-39 என்று வரும், பார்க்க வடிவாக இருக்கும், ஆனால் பிழை. “இரண்டு மடங்கு” என்ற சொல்லைத் தனியாக விடக்கூடாது. நூற்றுக்கு இரண்டு நாலானாலும் இரண்டு மடங்கு, நூற்றுக்கு 30 அறுபதானாலும் இரண்டு மடங்கு.

கூட்டத்தில் முதல் கேள்வி எப்போதும் “அப்ப எங்கட கிணத்துத் தண்ணி குடிக்கலாமோ, தம்பி?” என்பதாகத்தான் இருக்கும். ஊர்ச் சராசரி இதற்கு விடையல்ல. பக்கத்து வளவு 12ஆக இருக்க இந்த வளவு 80ஆக இருக்கலாம். ஆகையால் கூட்டத்துக்கு முன்னரே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு துண்டு கொடுத்துவிடவேண்டும். அதில் உங்கள் கிணற்றின் அளவு, எடுத்த திகதி, 50 என்ற எல்லை இருக்கட்டும். தாண்டியிருந்தால் போத்தல் பால் குடிக்கும் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்தத் தண்ணீரில் பால் கரைக்கவேண்டாம் என்றும், கொதிக்கவைத்தால் நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும் என்றும் எழுதவேண்டும். இந்தக் கொதிக்கவைக்கும் விசயத்தைத் துண்டில் எழுதினாலும் வாயாலும் சொல்லவேண்டும், கிருமிக்குச் சொன்ன புத்தியை எல்லாரும் இதற்கும் பாவிக்கிறார்கள். சுவரில் தொங்கவிடும் படத்தில் தனிக் கிணறுகளைச் சிவப்புப் புள்ளியாகக் காட்டக்கூடாது. காணி விற்க இருப்பவர் அடுத்தமுறை படலை திறக்கமாட்டார்.

“மாரிக்குப் பிறகும் வருவியளோ?” என்பது இரண்டாவது கேள்வி. வருவதாக இருந்தால், முதல் நாளே கிணற்றுக்கட்டின் உட்பக்கத்தில் இலக்கத்தைப் பெயின்றால் எழுதி, வீட்டுக்காரரிடம் கேட்டுப் படமும் எடுத்து வைத்திருக்கவேண்டும். வெளிப்பக்கம் எழுதினால் அடுத்த வெள்ளையடிப்போடு போய்விடும்.