ஃப்ளூ ஊசிக்குப் பிறகு தோள் முடங்கிப் போனால்: அமெரிக்காவில் இழப்பீடு கேட்கும் வழி

தடுப்பூசி போட்ட கை இரண்டு நாள் வலிப்பது சகஜம். வாரக்கணக்கில் வலித்து, சட்டை மாட்டவும் சீட் பெல்ட்டை இழுக்கவும் கை எழும்பவில்லை என்றால் அது வேறு சமாச்சாரம். தோள் எலும்பின் நுனியிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை கீழே, டெல்டாய்டு தசையில் இறங்க வேண்டிய ஊசி மேலே ஏறி, மூட்டை ஒட்டிய பர்சா என்ற திரவப் பைக்குள் மருந்தைத் தள்ளிவிடுகிறது. அங்கே அழற்சி கிளம்பி, நாளடைவில் தோள் இறுகிப் போகிறது. போடுபவர் நின்றபடி, உட்கார்ந்திருப்பவருக்குப் போடும்போதும், சட்டைக் கழுத்தை இழுத்துவிட்டுக் குத்தும்போதும் இது சுலபமாக நேர்கிறது. தடுப்பூசி போட்ட விதத்தால் வரும் இந்தத் தோள் காயத்தை 'சிர்வா' (SIRVA) என்பார்கள்.

இதற்கு அமெரிக்காவில் மருந்துக்கடை மீதோ நர்ஸ் மீதோ வழக்குப் போடுவதில்லை. 1986 சட்டப்படி 1988-இல் தொடங்கிய தடுப்பூசி இழப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஒவ்வொரு டோஸிலும், அது தடுக்கும் நோய் ஒன்றுக்கு 75 சென்ட் வீதம் வசூலாகும் வரியில்தான் அதன் நிதி. மனு போவது வாஷிங்டனில் உள்ள ஃபெடரல் க்ளெய்ம்ஸ் நீதிமன்றத்துக்கு. எதிர்மனுதாரர் சுகாதாரத் துறைச் செயலர். விசாரிப்பவர் ஸ்பெஷல் மாஸ்டர் என்ற நீதிமன்ற அதிகாரி. யார் தப்பு என்ற கேள்வியே எழாது.

எந்த ஊசிக்கு எந்தப் பாதிப்பு என்றால் ஊசிதான் காரணம் என்று எடுத்துக்கொள்ளலாம் என இந்தத் திட்டம் ஓர் அட்டவணை வைத்திருக்கிறது; 2017 மார்ச்சில் சிர்வா அதில் சேர்ந்தது. அட்டவணைக்குள் வர நான்கு பொருந்த வேண்டும்: அந்தத் தோளில் முன்பு வலியோ கோளாறோ இருந்திருக்கக் கூடாது, ஊசி போட்ட 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியிருக்க வேண்டும், வலியும் அசைவுக் குறைவும் ஊசி போட்ட தோளோடு நிற்க வேண்டும், வேறு நோய் எதுவும் காரணமாக இருக்கக் கூடாது. இது போக, பாதிப்பு ஆறு மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும், அல்லது ஆஸ்பத்திரியில் சேர்ந்து ஆபரேஷன் செய்திருக்க வேண்டும். அட்டவணைக்கு வெளியே போனால், ஊசிதான் காரணம் என்று நிபுணரை வைத்து நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில்.

வழக்குகள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது அந்த 48 மணி நேரத்தில்தான். 'சரியாகிவிடும்' என்று இரண்டு மூன்று மாதம் பொறுத்துவிட்டு டாக்டரிடம் போய், 'கொஞ்ச நாளாவே வலி' என்று சொன்னால், அதுவே குறிப்பில் ஏறும். அரசுத் தரப்பு வக்கீல் முதலில் எடுத்து நீட்டுவதும் அந்த வரியைத்தான். முதல் முறை போகும்போதே எந்தத் தேதியில், என்ன ஊசி, எந்தக் கை, எத்தனை மணி நேரத்தில் வலி வந்தது என்று நாலையும் சொல்லுங்கள்; பேஷண்ட் போர்ட்டலில் அப்படியே பதிவாகியிருக்கிறதா என்று அன்று மாலையே பாருங்கள். விரல் மரத்துப்போகிறது, கழுத்து இழுக்கிறது என்று உண்மையாக இருந்தால் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் கழுத்து நரம்புப் பிரச்சினை என்ற வாதம் அங்கிருந்துதான் கிளம்பும்.

அடுத்த வில்லங்கம் கை. வலது கையில் போட்டுவிட்டு, கம்ப்யூட்டரில் 'இடது டெல்டாய்டு' என்று தட்டி வைத்திருப்பார்கள். ஊசிப் பதிவின் நகலை உடனே வாங்கிப் பார்ப்பது நல்லது. பிசியோதெரபிஸ்ட் கை எத்தனை டிகிரி எழும்புகிறது என்று அளந்து எழுதும் முதல் அறிக்கை, அசைவுக் குறைவுக்கு நல்ல சாட்சி. நடுவில் சிகிச்சையை விட்டுவிட்டால் ஆறு மாதக் கணக்கு ஆட்டம் காணும்.

கெடு, முதல் அறிகுறி தெரிந்த நாளிலிருந்து 36 மாதம். டாக்டர் இது சிர்வா என்று பெயர் சொன்ன நாளிலிருந்து அல்ல. ஊசிக்கு முந்தைய மூன்று வருட மருத்துவப் பதிவுகளையும் கேட்பார்கள். அவற்றைத் திரட்டவே மாதங்கள் ஓடும்.

வக்கீலுக்குக் கைக்காசு தேவையில்லை. நல்லெண்ணத்தோடும் நியாயமான அடிப்படையோடும் போட்ட மனு என்றால், தோற்றாலும் அவர் ஃபீஸைத் திட்டமே தரும். உங்கள் தொகையில் சதவீதம் கேட்க அவருக்கு உரிமையில்லை. கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். வலிக்கும் வேதனைக்கும் உச்சவரம்பு 2,50,000 டாலர். இன்சூரன்ஸ் தராத செலவும் இழந்த சம்பளமும் அதற்கு மேல். முடிய இரண்டு மூன்று வருடம் ஆகலாம்.

எல்லா ஊசிக்கும் இது கிடையாது. ஃப்ளூ, டீடாப் (டெட்டனஸ், டிப்தீரியா, கக்குவான் மூன்றுக்கும் சேர்ந்த ஊசி), ஹெபடைடிஸ் உண்டு; அக்கி ஊசியான ஷிங்க்ரிக்ஸ் இல்லை. கோவிட் ஊசிக்குத் தனித் திட்டம்: ஊசி போட்ட நாளிலிருந்து ஒரே வருடம்தான் கெடு, வேதனைக்குப் பணமில்லை, வக்கீல் ஃபீஸும் இல்லை. ஏமாற்றமான ஏற்பாடு.

அமெரிக்காவில் போட்ட ஊசி என்றால் குடியுரிமை இல்லாதவரும் மனு போடலாம். லீவில் ஊருக்கு வந்து சென்னையிலோ மதுரையிலோ பிசியோதெரபி செய்துகொள்பவர்கள், துண்டுச்சீட்டோடு திரும்பாமல், தேதியும் எந்தத் தோள் என்பதும் எழுதிய குறிப்பை லெட்டர்ஹெட்டில் கையெழுத்தோடு வாங்கி வரவும்.