திருச்சி டு யாழ்ப்பாணம்: 184 கிலோமீட்டர், ஒரு ஆட்டோ

முந்தாநாள்தான் திரும்பினேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

திருச்சி விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கு வானத்தில் நேர்கோடு போட்டால் சுமார் 184 கிலோமீட்டர். திருச்சியிலிருந்து கோயம்புத்தூருக்கு பஸ்ஸில் போனாலே இதைவிடத் தூரம். டிக்கெட்டில் பயண நேரம் ஒரு மணி நேரம் என்று போட்டிருக்கும். மணிக்கு 500 கிலோமீட்டர் போகிற ஏடிஆர் விமானத்துக்கு 184 கிலோமீட்டர் என்பது அரை மணிக்கும் குறைவான வேலை. ஓடுபாதை வரை உருள்வது, ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்த்துத்தான் அந்த ஒரு மணி.

ஆனால் நான் கிளம்பியது தஞ்சாவூரிலிருந்து. வெளிநாட்டு விமானம், மூன்று மணி நேரம் முன்னாலேயே வந்துவிடச் சொல்கிறார்கள். காலை பஸ் துவாக்குடியில் நின்றது நின்றதுதான், அதுவே இரண்டு மணி நேரத்தை விழுங்கிவிட்டது. திருச்சி டிவிஎஸ் டோல்கேட்டில் இறங்கி ஆட்டோ கேட்டால் 400 என்றார். அஞ்சு கிலோமீட்டருக்கு! "ஏர்போர்ட்ல ரிட்டன் சவாரி கிடைக்காது சார்" என்று பழைய பாட்டு. கடைசியில் 300 கொடுத்தேன், வயிறு எரிந்தது. கிலோமீட்டருக்கு 60 ரூபாய். அதே கணக்கில் யாழ்ப்பாணம் வரை ஆட்டோவிலேயே போயிருந்தால் 11,040 ரூபாய். விமான டிக்கெட் அதில் பாதிகூட இல்லை!

சரி, விமானத்துக்கு வருவோம். எழுபத்துச் சொச்சம் சீட், காற்றாடி வைத்த சின்ன விமானம். இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் எந்த ஜன்னலிலும் கீழே மறைக்காது, அதனால் ஜன்னல் சீட்டுக்குத் தனியாகப் பணம் கேட்டாலும் கொடுத்துவிடுங்கள் (கஞ்சன் நானே கொடுத்தேன்). பேராவூரணிப் பக்கமாக இருக்க வேண்டும், பச்சைக் குடைகளாகத் தென்னந்தோப்பு, சட்டென்று கரை முடிந்து கலங்கல் பச்சையில் கடல். மொபைலில் நாலு படம் எடுப்பதற்குள் சீட் பெல்ட் போடச் சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான், அடுத்து பனைமரங்கள்.

பலாலியில் படியிறங்கி நடந்தே கட்டடத்துக்குள் போகலாம். பெயர்ப்பலகையில் தமிழ் முதலில் நிற்பதைப் பார்த்ததும் ஒரு நிமிடம் நின்றுவிட்டேன். கடிகாரத்தைக்கூட மாற்ற வேண்டாம், இரண்டு ஊருக்கும் ஒரே நேரம்.

வெளியே வந்ததும் மறுபடி ஓட்டோ. அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். "மூவாயிரத்தைந்நூறு தாங்கோ அண்ணை." நெஞ்சு அடைத்துவிட்டது. அப்புறம்தான் அது இலங்கை ரூபாய், மூன்றரையால் வகுக்க வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது, நம் பணத்தில் ஆயிரம். பட்டணத்துக்கு 17 கிலோமீட்டர் வரும், கிலோமீட்டருக்கு 60 ரூபாய்க்குச் சற்றுக் கீழே. கடல் தாண்டியும் ரேட் மாறவில்லை!

வழியில் அவரே ஒரு சின்னக் கடையில் நிறுத்தினார். இடியப்பம், சொதி (தேங்காய்ப்பால் குழம்பு), கூடவே காரமாக ஒரு சம்பல். சொதியைக் கிண்ணத்தோடு குடித்துவிட்டு இன்னும் ஐந்து இடியப்பம் சொன்னேன், அவர் தன் பிளேன் டீக்கு (பால் சேர்க்காத டீ) என்னைக் காசு கொடுக்க விடவில்லை.