உப்புத் தின்ற ஜீப்

2024 ஜனவரி 20, சனி

கிண்ணியாவிலிருந்து திருகோணமலைக்கு, என் வீட்டுக்கு, ஜீப்பை லொறியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கியாயிற்று. லாண்ட்ரோவர் சீரிஸ் 3, முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையில் 88 அங்குலம், டீசல். விலை ஆறரை இலட்சம். 2020 மார்ச்சிலிருந்து வாகன இறக்குமதி நின்றுபோன நாட்டில், பதிவுப் புத்தகம் சுத்தமாக இருக்கிற ஒரு ஜீப் இந்த விலைக்குக் கிடைக்கிறதென்றால் எங்கோ ஏதோ இருக்கிறது. தெரிந்துகொண்டுதான் வாங்கினேன்.

விற்ற முஸ்லிம் அண்ணர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், "காணிக்குப் போய்வர மட்டுந்தான் தம்பி பாவிச்ச. எஞ்சின் கல்லு மாதிரி" என்றார். கல் மாதிரியேதான் இருக்கிறது. அசையவில்லை. ஏழு வருடமாக ஒரு வேம்புக்குக் கீழே நின்றிருக்கிறது.

லொறி கிண்ணியாப் பாலத்தில் வரும்போது பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டே ஜீப்பையே பார்த்தேன். பாலம் இல்லாத 2009க்கு முன்னால் என்றால் இதைப் பாதையில், அதாவது வாகனம் ஏற்றுகிற மிதவையில், ஏற்றித்தான் இந்தக் கரைக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும். அன்றைக்கு வாங்கியிருந்தால் பாதிக் கடலில் மனம் மாறியிருக்கும்.

ஜனவரி 21, ஞாயிறு

எங்கள் ஒழுங்கைச் சனம் முழுக்க வந்து பார்த்துவிட்டுப் போனது. "வெள்ளைக்காரன்ர நேவி விட்டிட்டுப் போன வண்டியெல்லோ" என்று மூன்று பேர் தனித்தனியாகச் சொன்னார்கள். பிரிட்டிஷ் கடற்படை இங்கிருந்து போனது 1957இல். சீரிஸ் 3 வெளிவந்ததே 1971இல்தான். முன்பக்கத்துப் பிளாஸ்டிக் கிரில்லைப் பார்த்தாலே தெரியும். முதல் இரண்டு பேருக்கு விளக்கினேன். மூன்றாமவர் வயதானவர். ஓம் ஐயா என்றுவிட்டேன்.

ஜனவரி 28, ஞாயிறு

திருக்கடலூரில் படகு எஞ்சின் திருத்துகிற சித்தப்பா வந்தார். பொனட்டைத் திறக்கச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, சின்னச் சுத்தியலைக் கேட்டு வாங்கிக்கொண்டு வண்டிக்கு அடியில் புகுந்துவிட்டார். ணிங், ணிங், ணிங் என்று செசியை, வண்டியின் அடிச்சட்டத்தை, தட்டிக்கொண்டே போனார். பின் சில்லுக்குக் கிட்டப் போனதும் சத்தம் மாறியது. தொப். இன்னொரு தட்டு. தொப். மூன்றாவது தட்டில் சுத்தியலின் மூக்கு உள்ளே போய்விட்டது.

"இது இரும்பில்ல மகன், பப்படம்."

ஓட்டை வழியாக மண் கொட்டத் தொடங்கியது. சேறில்லை, வயல் மண்ணுமில்லை. வெள்ளை மணல், சிப்பித் துண்டுகளோடு. ஒரு போத்தல் மூடியளவு நண்டோடும் விழுந்தது. சித்தப்பா கொஞ்ச மணலை உள்ளங்கையில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். "கரைவலை இழுத்த வண்டி" என்றார். கடலில் விட்ட பெருவலையைக் கரையிலிருந்து கயிற்றால் இழுக்கிற வேலை.

நானாவின் காணி கடலுக்குள் இருந்திருக்கிறது.

இப்போது கணக்கு விளங்குகிறது. லாண்ட்ரோவரின் மேல்தகடு அலுமினியம். 1948இல் அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டியபோது, போருக்குப் பிந்திய பிரிட்டனில் உருக்குக்குப் பங்கீடு. அதனால் அலுமினியத்துக்குப் போனார்கள். ஆனால் எல்லாப் பாரத்தையும் தாங்குகிற செசி உருக்குத்தான், பெட்டி மாதிரி நாலு பக்கமும் மூடினது. தண்ணீர் வடிய அடியில் சின்னத் துளைகள் உண்டு. அவற்றை மணல் அடைத்துவிட்டால் உப்பு ஈரம் உள்ளேயே தங்கி, உள்ளிருந்து வெளியே தின்றுகொண்டு வரும். வெளியில் கறுப்புப் பெயின்ற் பளபளவென்று இருக்கும். நானும் அந்தப் பெயின்றைத்தான் பார்த்து வாங்கினேன். வாங்கப் போகிறவர்கள் ஒரு சுத்தியல் கொண்டுபோங்கள். தட்ட விடாத ஆளிடம் வாங்காதீர்கள்.

இந்த வண்டியின் முதல் படத்தையே வேல்ஸில் ஒரு கடற்கரை மணலில்தான் வரைந்து காட்டினார்கள் என்று கதை உண்டு. என்னுடையது மணலோடேயே இருந்துவிட்டுப் போவோம் என்று நினைத்திருக்கிறது.

பெப்ரவரி 11, ஞாயிறு

மேல்தகடுகளைக் கழற்றும் வேலை. வீட்டில் இருக்கிற ஸ்பானர் எல்லாம் மில்லிமீற்றர். வண்டியின் நட்டுகள் அங்குலம். அரை அங்குலம் என்பது 12.7 மில்லி, 13 போட்டால் பொருந்துகிற மாதிரித்தான் இருக்கும். இறுக்கிப் பிடித்துத் திருகினால் நட்டின் மூலை வழுக்கி உருண்டையாகிவிடும். நான்கை அப்படி உருட்டிய பிறகுதான் புத்தி வந்தது. எங்கள் ஊர் அனுராதபுரச் சந்திக்குப் போய் அங்குல ஸ்பானர் செற் ஒன்று வாங்கினேன்.

அலுமினியத் தகடு இரும்பைத் தொடுகிற இடமெல்லாம் வெள்ளைப் பொடி. இரண்டு உலோகமும் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் அது ஒரு பற்றரி. அதில் கரைவது அலுமினியம். திரும்பப் பூட்டும்போது ஒவ்வொரு போல்ட்டுக்கும் நைலோன் வாஷர் போட வேண்டும்.

பெப்ரவரி 18, ஞாயிறு

எழுதவே வெட்கமாக இருக்கிறது. கழற்றிய போல்ட்டுகள் மாறிப்போகாமல் இருக்க, பெரிய மட்டையொன்றில் ஜீப்பின் படம் கீறி, எந்த இடத்துப் போல்ட்டோ அந்த இடத்தில் குத்தி, பக்கத்தில் பெயரும் எழுதி வைத்திருந்தேன். நேற்று இரவு கேற்றைச் சாத்த மறந்துவிட்டேன்.

காலையில் கோட்டைப் பக்கத்து மான் ஒன்று முற்றத்தில் நின்று அந்த மட்டையை ஆறுதலாக மென்றுகொண்டிருந்தது. இடது கதவு, விண்ட்ஸ்கிரீன், பற்றரிப் பெட்டி எல்லாம் வயிற்றுக்குள். நல்ல காலம், போல்ட்டுகளைத் துப்பிவிட்டது. இந்த ஊரில் மானோடு யார் சண்டை பிடிக்க முடியும்? இப்போது போல்ட்டுகள் எல்லாம் ஐஸ்கிரீம் டப்பாக்களில்.

மார்ச் 8, வெள்ளி, சிவராத்திரி

வீட்டிலிருந்து எல்லோரும் கோணேஸ்வரத்துக்குப் போய்விட்டார்கள். நான் ஜீப்போடு கண்விழித்தேன்.

மூன்று வாரமாக நாலு சிலிண்டருக்குள்ளும் மண்ணெண்ணெயும் பவர் ஸ்டியரிங் ஒயிலும் கலந்து ஊற்றி வைத்திருக்கிறேன், டீசல் பீச்சுகிற நொசில்களைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டை வழியாக. இந்த எஞ்சினுக்கு முன்பக்கம் ஹேண்டில் போட்டுச் சுற்றுகிற வசதி உண்டு. ஒவ்வொரு நாளும் வேலையால் வந்ததும் ஒருமுறை மெதுவாக அழுத்திப் பார்ப்பேன். ஏறி மிதித்தால் பிஸ்டன் ரிங் உடையும் என்று சித்தப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

ஒன்றரை மணியிருக்கும். தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, வழக்கம்போல ஹேண்டிலில் கையை வைத்தேன். ஒரு விரற்கடை போனது. கைதான் வழுக்கியது என்று நினைத்தேன். பின்பக்கம் அழுத்தினேன், திரும்பி வந்தது. முன்னுக்கு, பின்னுக்கு, முன்னுக்கு. பத்து நிமிடத்தில் அரைச் சுற்று. பிறகு முழுச் சுற்று. நொசில் ஓட்டைகளால் கறுத்த ஒயில் பீச்சியடித்துச் சேட்டெல்லாம் நாசம். கடற்காற்றில் கோயில் மணி கேட்டுக்கொண்டிருந்தது. மணி அதற்காக அடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 31, ஞாயிறு

வெல்டிங் முடிந்தது. பின் குறுக்குச் சட்டம் முழுதாகப் புதிது, பக்கக் கைகள் மூன்று புதிது, எல்லாம் 3 மில்லித் தகடு. வெல்டிங் பாஸ் முதலில் பழைய தகட்டின்மேல் ஒட்டுப்போடத்தான் பார்த்தார். நான் விடவில்லை. பப்படத்தில் தைத்த ஒட்டு எத்தனை நாளைக்கு? நல்ல இரும்பு வருமட்டும் வெட்டச் சொன்னேன். வெட்ட வெட்ட மணல். மொத்தம் ஒன்றரை வாளி.

செலவு ஒரு இலட்சத்து எண்பதாயிரம். மனைவிக்குச் சொன்ன தொகை வேறு.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருடப்பிறப்பு. வேலை இல்லை. ஸ்டியரிங்குக்குப் பொட்டு வைத்தார்கள். ஸ்டியரிங் மட்டும் கதிரையில் இருந்தது.

மே 12, ஞாயிறு

டப்பெட் சரிசெய்தேன், அதாவது வால்வுகளுக்கு விடவேண்டிய இடைவெளி. அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து, எட்டு வால்வுக்கும் ஒன்றே. இதற்கு ஒரு ஒன்பது கணக்கு இருக்கிறது: எந்த வால்வு முழுதாகத் திறந்து நிற்கிறதோ அதன் எண்ணை ஒன்பதிலிருந்து கழித்தால் வருகிற வால்வைத்தான் சரிசெய்ய வேண்டும். ஒன்று திறந்திருந்தால் எட்டு, மூன்று திறந்திருந்தால் ஆறு. சித்தப்பாவுக்கு இந்தக் கணக்கு தெரியாது. கேட்டுவிட்டு, "படிச்சவன் செய்யிற வேலை" என்றார். அது பாராட்டு இல்லை என்று நினைக்கிறேன்.

பிறகு ஸ்டார்ட் பண்ணப் பார்த்தோம். சுற்றுகிறது, பிடிக்கவில்லை. டீசல் பைப்பில் காற்றெடுத்தோம். மறுபடி காற்றெடுத்தோம். கடைசியில் பார்த்தால், ஸ்டார்ட் பண்ண முன்னம் சிலிண்டருக்குள் சூடேற்றுகிற ஹீற்றர் பிளக். நாலும் ஒரே கம்பியில் வரிசையாகப் பூட்டியவை. பழைய திருவிழாச் சோடனை பல்ப் மாலை மாதிரி, ஒன்று போனால் நாலுக்கும் கரண்ட் இல்லை. மூன்றாவது பிளக் எரிந்திருந்தது. அதை மாற்றி, சுவிட்சைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு இருபது எண்ணினேன். பிடித்துக்கொண்டது. முதல் வந்த புகையில் ஒழுங்கை மறைந்தே போயிற்று. பக்கத்து வீட்டு அக்கா கொடியில் கிடந்த உடுப்பை அள்ளிக்கொண்டு ஓடினா. மன்னிப்புக் கேட்க நாளைக்குப் போக வேண்டும்.

ஜூன் 22, சனி

பிரேக் சாமான் வாங்க பஸ் ஏறிக் கொழும்பு, பஞ்சிகாவத்தை. ஒரு கடையில் "எண்பத்தெட்டுத்தானே, அச்சாச் சாமான்" என்று பொதி பண்ணித் தந்ததைப் பிரித்துப் பார்க்காமல் கொண்டுவந்துவிட்டேன். வீட்டில் பிரித்தால் 109 அங்குல நீள வண்டியின் 11 அங்குல பிரேக்குக்கு உரிய சிலிண்டர்கள். என்னுடையது 10 அங்குலம். திரும்ப ஒரு பயணம். பிழை என்னுடையதும்தான். ஆறு மணித்தியாலம் போகிறவன் அந்த இடத்திலேயே பொதியைப் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும்.

ஓகஸ்ட் 3, சனி

ஒரு மாதமாகப் பூட்டுகிற வேலைதான், எழுத ஒன்றுமில்லை. செசியின் உட்பக்கத்துக்குத் துளை வழியாகக் கழிவு ஒயில் அடித்தேன். படகுக்காரர் வழி. நாறுகிறது. நாறட்டும்.

ஓகஸ்ட் 31, சனி

புகைப் பரிசோதனை பாஸ். காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம் எல்லாம் கையில். காலையில் சித்தப்பாவை ஏற்றிக்கொண்டு நிலாவெளிப் பக்கம் போனேன். ஐம்பதுக்கு மேல் போனால் கதைப்பது கேட்காது. அவருக்கு அது வசதி. இல்லாவிட்டால் என் கியர் மாற்றுகிற விதத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்திருப்பார்.

தார் வீதியில் நாலு சில்லுக்கும் இழுவை போடக்கூடாது. முன்சில்லையும் பின்சில்லையும் வேறு வேறு வேகத்தில் ஓடவிடுகிற டிஃபரன்ஷியல் இதற்கு நடுவில் கிடையாது. வளைவில் முன்சில்லும் பின்சில்லும் வேறு வேறு தூரம் ஓடும்போது கியர்பெட்டிதான் முறுகும். அதனால் கடலுக்குப் போகிற மணல் ஒழுங்கையில் திருப்பிய பிறகுதான் மஞ்சள் குமிழை அழுத்தினேன். கொஞ்சத் தூரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு முன்பக்கம் இழுக்கத் தொடங்கியது ஸ்டியரிங்கில் தெரிந்தது, கன்றுக்குட்டி கயிற்றை இழுக்கிற மாதிரி.

ஒழுங்கை முடிகிற இடத்தில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கையைக் காட்டி ஓடிவந்தார். "அண்ணை, ட்ராக்டர் பழுதாப் போச்சு. ஒருக்கா இழுத்துத் தாங்கோ, மீன் தாறம்."

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் ஈர மணலைப் பார்த்தேன். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை, ஓம் என்றும் வரவில்லை. கடைசியில் ஜீப்பைத் தென்னைக்குக் கீழே காய்ந்த இடத்தில் விட்டுவிட்டு, நாங்கள் இரண்டு பேரும் இறங்கிப்போய்க் கயிற்றைப் பிடித்தோம். ஒன்றரை மணித்தியாலம். உள்ளங்கை இரண்டும் உரிந்துவிட்டது. ஒரு பை சூடை மீன் தந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அடிப்பக்கம் முழுவதும் நல்ல தண்ணீரால் அடித்தேன். வைப்பர் மோட்டார் இன்னும் வேலை செய்யவில்லை. மழைக்கு இரண்டு மாதம் கிடக்கிறது.