மணல் மேல் நான்கு நாள்

2024 மே 24, வெள்ளி. பிரோக்கன் போ

மெமோரியல் டே விடுமுறையோடு இன்று ஒரு நாள் லீவு போட்டதில் நான்கு நாள் கிடைத்தது. ஒமாஹாவில் தெரிந்தவர்கள் எல்லாம் டென்வருக்கும் சிகாகோவுக்கும் கிளம்ப, நாங்கள் எங்கள் நெப்ராஸ்கா மாநிலத்தின் நடுவுக்கே போகிறோம், சாண்ட்ஹில்ஸ் என்ற மணற்குன்றுகளைப் பார்க்க. அம்மாவிடம் போனில் சொன்னேன். "ஆளே இல்லாத ஊருக்கு எதுக்குட்டி போறிய?" என்றாள். ஆசை என் வீட்டுக்காரருக்குத்தான். மணல் என்றதும் எனக்கு எங்கள் ஊர்த் தேரி, அந்தச் செம்மணல் மேடு ஞாபகம் வந்துவிட்டது, சரி என்று விட்டேன்.

பாப்பாவுக்கு ஒரு விளையாட்டு கிடைத்திருக்கிறது. இந்த மாநிலத்தில் 93 கவுண்டிகள், நம் மாவட்டம் மாதிரி. நம்பர் பிளேட்டின் முதல் எண் எந்தக் கவுண்டி என்று சொல்லும். 1922ல் எங்கே வண்டி அதிகமோ அதற்கு 1, எங்கே குறைவோ அதற்கு 93. ஒமாஹா மாதிரிப் பெரிய ஊர்கள் பிறகு இதிலிருந்து விலகிவிட்டன, மற்றவர்கள் இன்னும் அந்தப் பழைய வரிசையிலேயே ஓடுகிறார்கள். 86 முதல் 93 வரை அத்தனையும் சாண்ட்ஹில்ஸ் கவுண்டிகள். எட்டையும் பார்த்துவிட வேண்டுமாம்.

மே 25, சனி. மல்லன்

நெடுஞ்சாலை 2. பிரோக்கன் போ தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வயல்கள் நின்றுபோயின. அப்புறம் குன்று, குன்றுக்குப் பின்னால் குன்று, எல்லாம் புல். மணல் எங்கே என்று கேட்டேன். "இதுதான் மணல்" என்றார். மேற்கு அரைக்கோளத்திலேயே மிகப் பெரிய மணற்குன்றுப் பரப்பு, ஏறக்குறைய 50,000 சதுர கிலோமீட்டர். மேலே ஒரு சாண் புல் போர்த்தியிருப்பதால் தெரியவில்லை. ஒரு வேலியோரம் மாடுகள் மிதித்துப் புல் போன இடத்தில் வெளிர்மஞ்சளாக மணல் வாய் திறந்து கிடந்தது. அதில் பழைய டயர்களைப் போட்டு நிரப்பியிருந்தார்கள். விட்டால் காற்று தோண்டிக்கொண்டே போகுமாம். சுமார் 800 ஆண்டுகளுக்கு முன் பெரும் வறட்சியில் புல் செத்து, இந்தக் குன்றுகள் ஊர்ந்திருக்கின்றன. எங்கள் தேரிக்குப் பனையும் முந்திரியும், இதற்குப் புல்.

டன்னிங் ஊரைத் தாண்டும்போது பாப்பா நல்ல தூக்கம். ஹால்சியில் எழுப்பினோம். அங்கே 1902ல் தாவரவியலாளர் சார்லஸ் பெஸ்ஸி சொன்னதை நம்பி, மணலில் கையால் நட்டு வளர்த்த காடு இருக்கிறது. 2022 தீயில் கருகிய மரங்கள் இன்னும் நிற்கின்றன. எனக்கு அந்தக் காடு ஒட்டவில்லை, வேறு வீட்டு மேசையைக் கொண்டுவந்து போட்ட மாதிரி இருந்தது.

வழியெல்லாம் கூட வந்தது வயோமிங் நிலக்கரி ரயில்தான். ஒவ்வொன்றும் ஒரு மைலுக்கு மேல் நீளம்.

மல்லன், ஹூக்கர் கவுண்டியின் ஒரே ஊர். கவுண்டி 721 சதுர மைல், 2020 கணக்கெடுப்பில் ஜனம் 711. சதுர மைலுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. பாப்பாவின் 93 கடைசியில் கிடைக்கும் என்று நினைத்திருந்தோம், இங்கே நிற்பதெல்லாம் 93தான். விளையாட்டின் ருசியே போய்விட்டது அவளுக்கு.

மே 26, ஞாயிறு. வேலன்டைன்

கடிகாரம் காலை வாரிவிட்டது. ஹூக்கரில் 'மவுண்டன் டைம்' என்கிற நேரக் கணக்கு, பக்கத்துத் தாமஸ் கவுண்டியில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால். பன்னிரண்டே முக்காலுக்கு நிதானமாகக் கிளம்பி தெட்ஃபோர்டு போய்ச் சேர்ந்தால் அங்கே இரண்டேகால், சமையலறை இரண்டுக்கே மூடியாகிவிட்டது. நல்லவேளை, புளியோதரை இருந்தது.

அங்கிருந்து வடக்கே 83ஆம் நெடுஞ்சாலை, செர்ரி கவுண்டி. 6,000 சதுர மைல். தமிழ்நாட்டை எட்டாக வெட்டினால் ஒரு துண்டு. அதில் 5,455 பேர், அவர்களிலும் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் வேலன்டைன் ஊருக்குள்ளேயே. ஆனால் 1920ல் இங்கே 11,000 பேருக்கு மேல் இருந்தார்கள்.

அவர்கள் வந்ததும் போனதும் 640 ஏக்கர் கதை. முதலில் குடியேறுகிறவர்களுக்கு அரசு இலவசமாகக் கொடுத்த நிலம் 160 ஏக்கர். மணலில் அது எதற்கும் உதவாது என்று இந்தப் பகுதியின் காங்கிரஸ் உறுப்பினர் மோசஸ் கின்கெய்டு 1904ல் சட்டம் கொண்டுவந்து நான்கு மடங்காக்கினார். ஜனங்கள் குவிந்தார்கள். சாலையோரப் பலகை ஒன்று டிவிட்டி என்ற குடியேற்றத்தைப் பற்றிச் சொல்கிறது. 1907ல் கறுப்பினக் குடும்பங்கள் பிரவுன்லீ பக்கம் வந்து, மரம் இல்லாத நாட்டில் புல்வேரோடு வெட்டிய மண்கட்டிகளை அடுக்கி வீடு கட்டினார்கள். பள்ளிக்கூடம், தேவாலயம் எல்லாம் இருந்திருக்கிறது. முப்பதுகளில் ஊரே கலைந்துவிட்டது. பலகைக்குப் பின்னால் பார்த்தேன், புல்தான்.

ஏன் கலைந்தது என்பது கொஞ்ச நேரத்தில் புரிந்தது. ஒரு காற்றாலையைப் பார்க்க நிறுத்தினோம். மணிக்கட்டுப் பருமன் குழாய், இறக்கை ஒரு சுற்று சுற்றினால் ஒரு வாய் தண்ணீர், விட்டு விட்டுத் தொட்டியில் விழுகிறது. பாப்பா கையை நீட்டிவிட்டு வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள், அவ்வளவு குளிர்ச்சி. அடியில் ஒகலாலா நிலத்தடி நீர். மழையை மணல் அப்படியே குடித்துவிடுவதால் பள்ளங்களில் அது ஏரியாக மேலேயே வந்து நிற்கிறது. தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை.

வண்டி ரிப்பேரோ என்று ஒரு பெரியவர் பிக்கப்பை நிறுத்தினார். 66ஆம் நம்பர், செர்ரிக்காரர். உங்களுக்கு எத்தனை மாடு என்று இவர் கேட்டுவிட்டார். மனிதர் சிரித்துக்கொண்டே மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பாங்கில் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்ட மாதிரி அது, எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. ஆனால் ஒரு பசுவுக்கும் கன்றுக்கும் வருடத்துக்கு எவ்வளவு நிலம் என்று கேட்டதும் தாராளமாகச் சொன்னார்: 15 ஏக்கர், மழை பொய்த்தால் 20.

வண்டியில் ஏறிக் கணக்குப் போட்டேன். 640 ஏக்கரில் நாற்பத்துச் சொச்சம் மாடு, நல்ல வருடத்தில். ஒரு குடும்பம் அதில் பிழைக்குமா? உழுதால் மணல் பறக்கும், உழாவிட்டால் மாடு காணாது. விற்றுவிட்டுப் போனவர்களின் நிலத்தைப் பக்கத்துக்காரர் வாங்கியிருக்கிறார், அவருடையதை அடுத்தவர். அம்மா கேட்டதற்குப் பதில் இதுதான்: ஆள் இல்லாமல் போன ஊர் இல்லை, இந்தப் புல் இவ்வளவு பேருக்குத்தான் சோறு போடும்.

மே 27, திங்கள். வீடு

காலையில் ஸ்மித் அருவி. மாநிலத்திலேயே உயரமானது, குற்றாலத்தைப் பார்த்தவர்கள் வாயைத் திறக்காமல் இருப்பது மரியாதை. நையோபிராரா ஆறு அழகு.

திரும்பும்போது 20ஆம் நெடுஞ்சாலையில் ஓநீல் வந்தது, கின்கெய்டின் ஊர். அங்கேயே மக்காச்சோளம் ஆரம்பித்துவிட்டது.

பாப்பாவின் நோட்டில் ஏழு எண் ஆயிற்று. 86 மட்டும் இல்லை. அது பிளெய்ன் கவுண்டி, 431 பேர். டன்னிங் அதில்தான் இருக்கிறது. ஏன் எழுப்பவில்லை என்று இரவு சாப்பிடும்வரை என்னோடு பேசவில்லை.