சிவப்புக் கூண்டுக்குள் ஓர் உயிர்காக்கும் பெட்டி

இங்கிலாந்துக் கிராமங்களில் யாரும் பயன்படுத்தாத சிவப்புத் தொலைபேசிக் கூண்டை, பி.டி. (பிரிட்டிஷ் டெலிகாம்) தொலைபேசி நிறுவனத்திடமிருந்து ஊர்மன்றம் 1 பவுண்டுக்கு வாங்கிக்கொள்ளலாம். அதற்குள் டிஃபிபிரிலேட்டர், அதாவது இதயம் திடீரென முடங்கியவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி, மாட்டுவது சுலபம். கோட்டைவிடுவது பராமரிப்பில்தான்.

முதலில் 'தி சர்க்யூட்' என்னும் தேசிய டிஃபிபிரிலேட்டர் பதிவேட்டில் கருவியைச் சேருங்கள். இல்லையென்றால் 999 அவசர எண்ணில் அழைப்பை எடுப்பவருக்கு அங்கே கருவி இருப்பதே தெரியாமல் போகும்.

பிறகு வாரம் ஒரு வீடு என்று முறை வையுங்கள். கருவியின் விளக்கு பச்சையாக மின்னுகிறதா? நெஞ்சில் ஒட்டும் பேட்டின் உறையில் அச்சிட்ட தேதி தாண்டிவிட்டதா? தாண்டினால் அதிலுள்ள ஜெல் காய்ந்து, சரியாக ஒட்டாது. குளிர்காலத்தில் பெட்டியின் ஹீட்டரையும் கவனியுங்கள். கடுங்குளிரில் பேட்டரி தளர்ந்துவிடும். ஒருமுறை பயன்படுத்திய பேட் மறுபடி உதவாது, அதனால் உபரியாக ஒரு ஜோடி அவசியம்.

பார்த்த தேதியை நோட்டில் எழுதி, அந்த நோட்டை அடுத்த வீட்டுக்காரர் கையிலேயே கொடுங்கள். தபால் துவாரத்தில் போட்டுவிட்டு வராதீர்கள். தனியாக வாழும் பெரியவருக்கு அந்த வாரம் பேச ஓர் ஆள் கிடைப்பது அப்படித்தான்.