எழும்பூரில் ஒரு தாழி

எழும்பூர் ஸ்டேஷனில் இறங்கியதும் அம்மா பழக்கத்தில் நெல்லை எக்ஸ்பிரஸ் நிற்கும் பிளாட்பாரம் பக்கம் திரும்பினாள். "இன்னைக்கு ஊருக்கு இல்லம்மா, மியூசியத்துக்கு" என்று கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன். பாந்தியன் சாலைக்கு நடந்தே போய்விடலாம். வெள்ளிக்கிழமை விடுமுறை, அதனால் சனிக்கிழமையாகப் பார்த்துக் கிளம்பியிருந்தோம்.

1851-ல் தொடங்கிய அருங்காட்சியகம். அமராவதிச் சிற்பங்களுக்கே ஒரு முழு நாள் வேண்டும். நாங்கள் அங்கே நிற்கவில்லை. அம்மா பிறந்தது ஸ்ரீவைகுண்டம். திருச்செந்தூர் பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஆதிச்சநல்லூர்ப் பறம்பை, அந்தப் பழங்கால இடுகாட்டு மேட்டை, ஜன்னல் வழியாகப் பார்த்தவள், அங்கே தோண்டி எடுத்த எதையும் பார்த்ததில்லை.

இறந்தவர்களை வைத்துப் புதைத்த முதுமக்கள் தாழியின் முன்னால் வெகுநேரம் நின்றாள். அகன்ற வாய், உப்பிய வயிறு, குறுகிய அடி. வனைந்தவரின் கை அழுத்தம் இன்னும் அதில் இருப்பதுபோல எனக்குத் தோன்றியது. 1876-ல் ஜெர்மானியரான ஜாகோர் அந்தப் பறம்பைத் தோண்டினார். கிடைத்தவை பெர்லினுக்குக் கப்பலேறின. 1899 முதல் 1905 வரை தோண்டிய தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ எடுத்தவைதான் சென்னைக்கு வந்தன: இரும்பு வாள்கள், வெண்கல மூடிகள், நெற்றியில் கட்டியிருக்கலாம் என்று அவர் கருதிய தங்கப் பட்டங்கள். தாழிகளுக்குள் நெல் உமியும் இருந்ததாக ரீ எழுதியிருப்பதைச் சொன்னேன்.

அம்மா சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "வாய்க்கரிசி போட்டிருக்காவ, ஏட்டி."

உமி எப்படி உள்ளே வந்தது என்று நிரூபிக்க அம்மாவால் முடியாது, என்னாலும் முடியாது. ஆனால் போன வருஷம் தாம்பரத்தில் எங்கள் வீட்டில் ஆச்சி இறந்தபோது அம்மாதான் முதல் பிடி அரிசி போட்டாள். காடாற்று முடிந்து மாமா கொண்டுவந்த கலயத்தை, வாயில் வெள்ளைத் துணி கட்டி, இதே எழும்பூரில் ரயிலேறித் தாமிரபரணிவரை என் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். ரயில் ஆடும்போது உள்ளே எலும்புகள் லேசாக உரசும். அந்தச் சத்தம் தெரிந்த பிறகு தாழியை வெறும் பானையாக என்னால் பார்க்க முடியவில்லை. புறநானூற்றின் 256-ஆம் பாடலில் கணவனை இழந்த ஒருத்தி குயவரிடம், தனக்கும் இடம் இருக்கும்படி தாழியை அகலமாக வனையச் சொல்லிக் கேட்கிறாள். அவள் கேட்டது இப்படி ஒரு தாழியைத்தான்.

எலும்புகளை ஆராயவே கூடாது என்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. ஆனால் எதைத் தேடி ஆராய்கிறோம் என்பது முக்கியம். ஆதிச்சநல்லூர் மண்டையோடுகளைப் பற்றி உடற்கூறு அறிஞர் ஸாலி சக்கர்மேன் எழுதிய அறிக்கையை 1930-ல் இந்த அருங்காட்சியகம்தான் வெளியிட்டது. அது மண்டையோட்டின் நீள அகலத்தை அளந்து மனிதரை இனம் பிரித்த காலம். இன்று கேட்கும் கேள்விகள் வேறு. பல் எனாமல் குழந்தைப் பருவத்தில் உருவாகிறது. மண்ணிலிருந்து உணவு, தண்ணீர் வழியாக அதில் சேரும் ஸ்ட்ரான்ஷியம் என்ற தனிமத்தை வைத்து ஒருவர் எந்த மண்ணில் வளர்ந்தார் என்று தேடலாம். நம் வெயிலில் டி.என்.ஏ. சீக்கிரம் சிதைந்துவிடும்; உள்காதைச் சூழ்ந்த கெட்டியான எலும்பில் ஓரளவு தங்கும். கீழடிக்குப் பக்கத்துக் கொந்தகையில் கிடைத்த இரண்டு மண்டையோடுகளுக்கு 2025-ல் முகம் வரைந்து காட்டினார்கள். தோலின் நிறத்தை மண்டையோடு சொல்லாது. அது வரைபவர் எடுக்கும் முடிவு. அந்த முகங்களுக்குக் கீழே இதையும் நாலு வரி தமிழில் எழுதி வைக்க வேண்டும் என்பது என் ஆசை. எந்த ஊர் அருங்காட்சியகமானாலும், எலும்பை வைக்கும் இடத்தில் அந்த மனிதர் என்ன சாப்பிட்டார், எத்தனை வயதில் போனார் என்று தெரிந்ததைச் சொல்லிவிட வேண்டும். இது அவர்களுக்கு நாம் பட்ட கடன்.

வெளியே மரநிழலில் உட்கார்ந்தபோது, 2023-ல் ஆதிச்சநல்லூரிலேயே அருங்காட்சியகம் திறந்ததைச் சொன்னேன். தோண்டிய குழிகளையும் தாழிகளையும் அப்படியே விட்டு, மேலே கண்ணாடி போட்டிருக்கிறார்கள். அதன்மேல் நடந்து பார்க்கலாம்.

"அவங்க மேலேயா நடக்கணும்?"

"கண்ணாடி மேலதாம்மா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "செருப்பக் கழட்டிட்டு நடக்கலாம்லா?"

"நடக்கலாம்மா."

"அப்ப ஆச்சி திதிக்குப் போறப்ப அங்கயும் போவோம். டிக்கெட் போட்டுரு."