மார்கழியும் மாமரத்தடியும்

நவம்பர் 24, 2024

பின்வாசலைத் திறந்ததுமே செம்பருத்திப் புதருக்குள் 'டக்... டக்' என்று சத்தம். நாணல் கதிர்க்குருவி வந்துவிட்டது! இதைக் கண்ணால் பார்ப்பது சிரமம். மங்கிய பழுப்பு நிறம், புதரை விட்டு வெளியே வரவே வராது. பத்துப் பன்னிரண்டு கிராம் எடைதான் இருக்கும். பின்லாந்து தொடங்கி சைபீரியா வரை கூடு கட்டுகிற இனம், பனிக்காலத்தைக் கழிக்க நம் பக்கம் வருகிறது. பாளையங்கோட்டையில் வெயில் தணிந்து கிடைப்பது இந்த இரண்டு மூன்று மாதம்தான். வருஷம் முழுக்க நான் காத்திருப்பதும் இதற்குத்தான்.

டிசம்பர் 14

விடாத மழை. தாமிரபரணி இரு கரையும் தொட்டு ஓடுகிறது, குறுக்குத்துறை முருகன் கோயிலைத் தண்ணீர் சூழ்ந்துவிட்டது. ராத்திரி முழுக்கத் தவளைக் கச்சேரி. காலையில் குளியலறைச் சுவரில் ஒரு மரத்தவளை ஒட்டிக்கொண்டிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு ஓரமாக நின்று குளித்தேன்.

டிசம்பர் 18, மார்கழி 3

இன்று எழுத நிறைய இருக்கிறது.

கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் கோலத்தை முடித்து நிமிரும்போது, பின்பக்கமிருந்து இரண்டு சுரத்தில் ஒரு விசில். மணி ஆறு. ஆறுமணிக்குருவியேதான். மாவுக் கையோடு ஓடினேன்.

வெளிச்சம் வர வர மாமரத்தடியில் தெரிந்தது. மைனா அளவுதான், வால் இருக்கிறதா என்று கேட்கும்படி குட்டை. பச்சை முதுகு, சந்தன நிற வயிறு, வாலடியில் குங்குமச் சிவப்பு, கண்ணை ஒட்டி மை தீட்டியதுபோல் கறுப்புப் பட்டை. தத்தித் தத்தி வந்து, அலகால் ஒரு சருகைக் கவ்வி அப்படியே பக்கவாட்டில் எறிந்தது. அடுத்து இன்னொன்று. மூன்றாவது சருகுக்கு அடியில் மண்புழு. இழுத்தது, புழு நீண்டது, கால்களை ஊன்றிக்கொண்டு மறுபடி இழுத்தது. வந்துவிட்டது! விழுங்கிவிட்டு, வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு நின்றது.

இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, இரவோடு இரவாகப் பறந்து தெற்கே வருகிற பறவை இது. இவ்வளவு தூரம் வந்ததற்கு அதற்கு வேண்டியது பெரிய காடில்லை. கொஞ்சம் நிழல், கொஞ்சம் ஈரமண், அதன்மேல் மூடிய சருகு. மாமரத்தடியை நான் பெருக்காமல் விட்டிருப்பது இதற்காகத்தான்.

டிசம்பர் 29

சாயங்காலம் நயினார்குளம் போயிருந்தோம். சூறைக்குருவிகள் கூட்டங்கூட்டமாக வானத்தில் சுருண்டு விரிந்தன. மத்திய ஆசியப் புல்வெளிகளிலிருந்து வருபவை. வயலில் வெட்டுக்கிளியைத் தின்று தீர்க்கும்.

திரும்பி வந்தால் மதில்மேல் கீரி. ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கிப் போனது.

ஜனவரி 8, 2025

பொங்கலுக்குத் தெருவே வெள்ளையடித்துச் சுத்தமாகிறது. பக்கத்து வீட்டு ஆச்சி மதிலுக்கு அந்தப்பக்கம் நின்று கேட்டார்: "ஏட்டி, இத்தன சருகையும் வச்சுக்கிட்டு என்ன செய்யப்போற? தீ வச்சு விடு. பூச்சி பொட்டு அடையும்லா!"

பயம் நியாயமானதுதான். வீட்டை ஒட்டிச் சருகு சேர விடுவதில்லை ஆச்சி, மதிலோரம் மட்டும்தான், ராத்திரியில் டார்ச் இல்லாமல் அந்தப்பக்கம் போவதுமில்லை என்றேன். அப்புறம் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு விசில் வந்தது. குருவியும் வந்தது. ஆச்சி வாயே திறக்கவில்லை. கிளம்பும்போது மட்டும், "இது எப்ப ஊருக்குப் போகும்?" என்றார். பங்குனி வாக்கில் என்றேன். "சரி, அதுவரைக்கும் கெடக்கட்டும்."

தெருவில் சருகுக் குவியலைக் கொளுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. புகை நமக்கும் ஆகாது, அடியில் இருக்கிற புழு பூச்சியெல்லாம் அதோடு போய்விடும். ஒரு மூலையை மட்டுமாவது விட்டுவைக்கலாம்.

ஜனவரி 15

பொங்கல் நாள் பறவைக் கணக்கெடுப்பு. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் குறித்து, பறவைப் பதிவுகளைச் சேர்த்துவைக்கும் இபேர்ட் (eBird) இணையதளத்தில் ஏற்ற வேண்டும். ஆச்சியும் வந்து உட்கார்ந்துகொண்டார். தவிட்டுக்குருவி, தேன்சிட்டு, செம்போத்து, கரிச்சான், மைனா. ஆறுமணிக்குருவி இன்று கண்ணில் படவில்லை, குரல் மட்டும்தான். அதுவும் கணக்கில் சேரும்.

"நம்ம காக்காயை எழுதினியா?" என்றார் ஆச்சி.

எழுதினேன். ஒன்பது.